எழுபத்தெட்டு என்று எழுதியவள்

செல்லம் படித்தது பதினேழு வயதில் முடியும் ஐந்தாம் படிவம் வரைதான். ஆனாலும் லுக்குட் ஊரைத் தாண்டி இருந்த அந்தச் சிறிய தொழிற்சாலையின் ஆய்வுக்கூடத்தில் அவள் எழுதிய எண்ணை இருபத்து மூன்று வருஷத்தில் யாரும் மறுபடி சரிபார்த்ததில்லை. புட்டி கழுவும் வேலைக்கு இருபது வயதில் போனவள். இரண்டு வருஷம் கழித்து ஆய்வுக்கூடத்தில் ஆள் குறைந்தபோது உள்ளே கூப்பிட்டுக்கொண்டார்கள். அதன்பிறகு அங்கேயே இருந்துவிட்டாள்.

மேசை நாற்காலி செய்யும் தளவாடக் கடைகளும் சாயப் பட்டறைகளும் பயன்படுத்திவிட்டுக் கழிக்கும் தின்னரையும் மற்ற திரவங்களையும் அந்தத் தொழிற்சாலை வாங்கிவந்து, காய்ச்சி வடித்து, சுத்தமாக்கி மறுபடி விற்றது. வடித்து வந்தது என்ன திரவம் என்று பார்த்துச் சொல்வது செல்லத்தின் வேலை. நூறு மில்லி அளந்து கண்ணாடிக் குடுவையில் ஊற்றுவாள். பொங்கிக் குதிக்காமல் இருக்க உடைந்த பீங்கான் துண்டு இரண்டு மூன்று போடுவாள். கழுத்தில் வெப்பமானியைச் செருகி மின்னடுப்பைப் போடுவாள். ஆவி குளிர்ந்து முதல் சொட்டு விழும்போது எத்தனை டிகிரி, பாதி வடிந்தபோது எத்தனை, கடைசியில் எத்தனை என்று நோட்டில் எழுதிக்கொள்வாள். ஒவ்வொரு திரவமும் தனக்கென்று உள்ள சூட்டில்தான் கொதிக்கும். அதைக் கொண்டே அது இன்னது என்று தெரிந்துவிடும்.

அவள் குடியிருந்தது தொழிற்சாலையிலிருந்து எட்டு கிலோமீட்டர் உள்ளே, எண்ணெய் எடுக்கும் ஒரு செம்பனைத் தோட்டத்தில், தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தில். அப்பா சின்ன வயதிலேயே போய்விட்டார். அம்மா இறந்தபோது செல்லத்துக்குப் பதினேழு, தம்பி மகேந்திரனுக்கு ஒன்பது. அவனை வளர்த்ததில் அவளுக்குக் கல்யாண வயது தாண்டிவிட்டது. அதைப் பற்றி அவள் குறையாக எதுவும் சொன்னதில்லை. மகேந்திரன் வளர்ந்து அதே தோட்டத்தில் குலை வெட்டப் போனான். நீளக் கம்பின் நுனியில் அரிவாளைக் கட்டி, முப்பது அடி உயரத்தில் பழுத்த குலையைப் பார்த்து அறுத்துத் தள்ளும் வேலை. வங்காளதேசத்துக்காரர்கள் வந்த பிறகும் அவனைப்போல் வெட்ட ஆளில்லை என்று வேலையை மேற்பார்க்கும் மண்டோர் சொல்வாராம்.

கொரோனா முடிந்த மறு வருஷம் ஏப்ரலில் ஒரு வெள்ளிக்கிழமை. தரை, மேசை துடைக்கும் மருந்து செய்கிறவர்கள் என்று சொல்லிக்கொண்ட யாரோ நாலு ட்ரம் எத்தனால் கேட்டிருந்தார்கள். மதுவில் இருப்பது எத்தனால். அதற்கு நெருங்கிய சொந்தம் மெத்தனால். நிறமும் வாடையும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் இரண்டாவது விஷம். கொஞ்சம் உள்ளே போனாலும் முதலில் கண் போகும், பிறகு உயிர் போகும். எத்தனால் எழுபத்தெட்டு டிகிரியில் கொதிக்கும், மெத்தனால் அறுபத்தைந்தில்.

செல்லம் அவர்களுக்கென்று வைத்திருந்த ட்ரம்களிலிருந்து எடுத்த மாதிரியைச் சூடேற்றினாள். அறுபத்தைந்தில் முதல் சொட்டு விழுந்தது. தொண்ணூறு மில்லி வடியும்வரை வெப்பமானி அசையவில்லை. வேறொரு வெப்பமானி போட்டு மறுபடி பார்த்தாள். அப்போதும் அறுபத்தைந்து. குடுவையின் அடியில் மஞ்சளாக ஒரு பிசுக்கு தங்கியது, தளவாட வார்னிஷ் வாடையோடு. அதையும் நோட்டில் எழுதிக்கொண்டு அடுத்த அறைக்குப் போனாள்.

ஆய்வுக்கூடத்துக்குப் பொறுப்பு பிரேமநாதன். சிரம்பானில், லோபாக்கில் வீடு. தாத்தா காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணி வேலைக்கு வந்த குடும்பம். அந்தப் பேச்சு அவரிடம் இன்னும் இருந்தது. அடுத்த வருஷம் ஓய்வு பெற இருந்தார்.

“சார், இது எத்தனால் இல்ல. மெத்தனால்.”

“எவ்வளவு காட்டுது?”

“அறுபத்தஞ்சு. ரெண்டு தரம் பாத்துட்டேன்.”

பிரேமநாதன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். “ட்ரம் நாலும் லேபல் ஒட்டி வெளியில நிக்குது. லாரியும் வந்திட்டுது.”

“லேபல மாத்திடலாம் சார்.”

“மாத்தினா அவங்கள் எடுக்க மாட்டாங்கள். மேல சொல்லிட்டாங்கள், செல்லம். தரை துடைக்கிறதுக்குத்தானே. ஆர் குடிக்கப் போறாங்கள்?” அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. “எழுபத்தெட்டு எண்டு போட்டு விடுங்கோ.”

அவள் தன் மேசைக்குத் திரும்பிப் போனாள். பிறகு அச்சடித்த அறிக்கையில் எழுபத்தெட்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். லாரி போனது.

பின்னால் சிரம்பான் பக்கம் பாரோயில் அவள் எனக்குப் பக்கத்து வீட்டுக்காரியாக வந்தபோதுதான் இதையெல்லாம் சொன்னாள். “அன்னிக்கு மத்தியானம் கருவாட்டுக் கொழம்பு கொண்டு போயிருந்தேன். ஒரு பருக்கை மிச்சம் வைக்காம சாப்பிட்டேன். மனசு உறுத்தியிருந்தா சோறு எறங்கியிருக்குமா” என்றாள்.

ஏழு வாரம் கழிந்தது. தோட்டத்தில் ஒரு பெரியவரின் கருமாதி, ஞாயிற்றுக்கிழமை. சாப்பாடு முடிந்ததும் ஆண்கள் ஐந்து பேர் பழைய உர ஸ்டோர் பக்கம் போய் உட்கார்ந்தார்கள். ஒருவன் மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து கொடுத்த சம்சு என்ற மலிவுச் சாராயம், தண்ணீர் புட்டிகளில் இருந்தது. எப்போதும் வாங்குகிற ஆளிடம் வாங்கியதுதான். மகேந்திரன் பெரிய குடிகாரன் இல்லை. மற்றவர்களோடு உட்கார்ந்து இரண்டு கிளாஸ் குடித்துவிட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்து குளித்துப் படுத்தான்.

திங்கட்கிழமை காலை ஏழு மணி இருக்கும். செல்லம் வேலைக்குப் புறப்பட மோட்டாரை வெளியே தள்ளிக்கொண்டிருந்தாள். ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டுக்குப் போன மகேந்திரன் வேலியைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தான்.

“என்னாடா, காட்டுக்குப் போவலியா?”

“போனேன்க்கா. மரத்துல குலையே தெரிய மாட்டேங்குது. மேல பாத்தா பாலு ஊத்துன மாரி இருக்கு.”

“வாந்தி எடுத்தியா?”

“ரெண்டு தரம். நேத்து சாப்பாடு ஒத்துக்கல போலருக்கு.”

செல்லம் மோட்டாரை நிறுத்திவிட்டு அவனுக்கு நேரே வந்து நின்றாள். “என் மூஞ்சி தெரியுதா?”

“நீ நிக்கறது தெரியுது. மூஞ்சி தெரியல.”

“நேத்து என்னா குடிச்ச?”

அவன் சொல்லி முடிப்பதற்குள் மூன்றாவது வீட்டிலிருந்து ராக்கம்மாவின் குரல் கேட்டது. முந்தின நாள் கூட உட்கார்ந்து குடித்த அவள் கணவர் அமிர்தலிங்கம் எழுந்திருக்கவில்லை. மூச்சு மட்டும் வேகவேகமாக வாங்கிக்கொண்டிருந்தது.

தோட்டத்து வேனில் ஐந்து பேரையும் சிரம்பான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கருமாதி வீட்டில் சாப்பிட்டவர்கள் என்று கேட்டதும், கெட்டுப்போன சாப்பாடாக இருக்கும் என்றுதான் எல்லாரும் முதலில் நினைத்தார்கள். செல்லம் டாக்டரின் பக்கத்தில் போய், இது மெத்தனாலாக இருக்கும், ரத்தத்தில் பாருங்கள் என்று மலாயில் சொன்னாள். அந்த இளம் டாக்டர் அவளை ஏற இறங்கப் பார்த்து, உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். குடித்தால் என்ன ஆகும் என்று நான் வேலை செய்கிற இடத்தில் ட்ரம்மில் எச்சரிக்கை எழுதியிருக்கும், தினமும் படிக்கிறேன் என்றாள் செல்லம். உடனே ரத்தம் எடுத்தார்கள். ரத்தத்தைச் சுத்தம் செய்யும் இயந்திரத்தில் ஒவ்வொருவராகப் போட்டார்கள். நீங்கள் சொல்லியிருக்காவிட்டால் இன்னும் சில மணி நேரம் போயிருக்கும், மூன்று பேரைக் காப்பாற்றியிருக்க முடியாது என்று அந்த டாக்டர் பிறகு சொன்னார்.

அமிர்தலிங்கம் அன்று மத்தியானமே இறந்துபோனார். இன்னொருவர் செவ்வாய்க்கிழமை. மற்ற இருவர் தேறி வீடு திரும்பினார்கள். மகேந்திரனுக்கு உயிர் தங்கியது, பார்வை போய்விட்டது.

டாக்டரிடம் பேசிய அந்த நேரத்தில் தன் கையெழுத்து நினைவுக்கு வந்ததா என்று நான் கேட்டேன். “வந்திச்சி. நான் வேற பக்கம் மூஞ்சிய திருப்பிக்கிட்டேன். நாட்டுல எத்தன எடத்துல மெத்தனால் இருக்கு, நம்பளதா இருக்கணும்னு என்னா அப்படின்னு.”

அப்படியே இருந்திருப்பாளோ என்னவோ. அமிர்தலிங்கத்தை அடக்கம் செய்த மறுநாள் ராக்கம்மா அவளைத் தேடி வந்தாள். முந்தானைக்குள் ஒரு தண்ணீர் புட்டி. பாதிக்குக் கீழே இருந்தது.

“போலீஸ்காரங்க ஸ்டோருல இருந்தத எடுத்துட்டுப் போனாங்க. இது அடுப்பாங்கரையில அரிசி வாளிக்குப் பின்னால இருந்திச்சி. அவருதான் கொண்டாந்து வச்சிருக்காரு” என்றாள். “நீ இதெல்லாம் பாக்கற வேலதான செய்யற. இதுல என்னா இருந்திச்சின்னு பாத்து எனக்கு ஒரு வார்த்த சொல்லு, செல்லம். அவங்க மலாய்ல என்னமோ சொல்றாங்க. எனக்கு வெளங்கல.”

செல்லம் புட்டியை வாங்கிக்கொண்டாள்.

வியாழக்கிழமை காலை, மற்றவர்கள் வருமுன் ஆய்வுக்கூடத்துக்குப் போனாள். புட்டியில் பாதியைப் போலீசுக்கு என்று தனியாக மூடி வைத்தாள். மீதியைக் குடுவையில் ஊற்றிச் சூடேற்றினாள். தண்ணீர் கலந்திருந்ததால் உடனே தெரியாது என்று அவளுக்குத் தெரியும். ஆனால் நல்ல சாராயமாக இருந்தால் எழுபத்தெட்டுக்குக் கீழே ஒரு சொட்டுகூட விழக் கூடாது. முதல் சொட்டு எழுபத்திரண்டில் விழுந்தது.

முதலில் வடிந்ததை மட்டும் எடுத்து மறுபடி வடித்தாள். அறுபத்தேழு. அதில் முதலில் வந்ததை எடுத்து, சின்னக் குடுவையில் மூன்றாம் முறை வடித்தாள். பாதரசம் மெல்ல ஏறி அறுபத்தைந்தில் வந்து நின்றது. இருபத்து மூன்று வருஷத்தில் எத்தனையோ தடவை அந்தக் கோட்டில் அது நின்று பார்த்திருக்கிறாள். கொஞ்சம் ஏறாதா என்று அன்றைக்குத்தான் முதல்முறையாக ஆசைப்பட்டதாகச் சொன்னாள். அது ஏறவில்லை.

முதல் குடுவையை எடுத்துக் கவிழ்த்துப் பார்த்தாள். மிஞ்சிய தண்ணீரைக் கொட்டிய பிறகும் அடியில் மஞ்சள் பிசுக்கு ஒட்டியிருந்தது. முகர்ந்தாள். வார்னிஷ் வாடை.

பிரேமநாதன் எப்போது வந்தார் என்று அவளுக்குத் தெரியாது. திரும்பியபோது கதவருகே நின்றிருந்தார்.

“என்ன செய்யிறீங்கள், செல்லம்?”

அவள் குடுவையை நீட்டினாள். அவர் வாங்கவில்லை. பார்த்தார். பிறகு வெப்பமானியைப் பார்த்தார்.

“எங்க இருந்து எடுத்தீங்கள் இத?”

“செத்துப்போனவரு வீட்டுலருந்து. எங்க லயத்துல மூணாவது வீடு.”

“மெத்தனால் எங்களிட்ட மட்டுமா இருக்கு?”

“பிசுக்கு நம்பளது சார். நோட்டுல எழுதி வச்சிருக்கேன்.”

அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். “உங்கட தம்பி எப்பிடி இருக்கிறார்?” என்று கேட்டார்.

“கண்ணு வராதுன்னு சொல்லிட்டாங்க.”

வெளியே ட்ரம் உருட்டும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. கடைசியில் பிரேமநாதன், “நீங்கள் போலீசுக்குப் போனா நான் தடுக்க மாட்டன். ஆனா ஒண்டு யோசிச்சுக் கொள்ளுங்கோ. அந்த ரிப்போர்ட்டில என்ர பேர் இல்ல. உங்கட கையெழுத்துதான் இருக்கு” என்றார். மிரட்டும் குரலில் அவர் அதைச் சொல்லவில்லை என்று செல்லம் என்னிடம் இரண்டு முறை சொன்னாள். அழுதுகொண்டே சொன்னாராம்.

அவள் நோட்டையும் அறிக்கையின் நகலையும் மூடிவைத்த புட்டியையும் எடுத்துக்கொண்டு, மோட்டாரில் நேராகப் போலீஸ் நிலையத்துக்குப் போனாள். அங்கிருந்த அதிகாரி இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, நோட்டில் அறுபத்தைந்து இருக்கிறது, அறிக்கையில் எழுபத்தெட்டு இருக்கிறது, அறிக்கையை எழுதியது யார் என்று கேட்டார். நான்தான் என்றாள். யார் எழுதச் சொன்னது என்று கேட்டபோது அதையும் சொன்னாள். எழுதச் சொன்னவரைவிட எழுதியவளைப் பற்றித்தான் அவர் அதிகம் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லையே என்று அவளுக்குத் தோன்றியதாம்.

சாயங்காலம் ராக்கம்மா வீட்டுக்குப் போனாள். அங்கே சொந்தக்காரப் பெண்கள் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களைப் போகச் சொல்லாமல் அவர்கள் முன்னாலேயே சொன்னாள்.

“அக்கா, அதுல இருந்தது மெத்தனால். குடிக்கறது இல்ல, வெஷம். எங்க கம்பெனியிலருந்துதான் வெளிய போயிருக்கு.”

“அது வெஷம்னு ஒனக்கு முன்னாடியே தெரியுமா?”

“தெரியும்க்கா. நல்லதுன்னு எழுதிக் கொடுத்ததே நான்தான்.”

ராக்கம்மா அழவில்லை, திட்டவில்லை. செல்லத்தின் கையைப் பார்த்துவிட்டு, “நீ பாத்து சொன்னது நல்லது. இனிமே இந்த வாசல்ல வராத” என்றாள்.

தம்பியிடம் சொல்வதுதான் கடைசியாக மிஞ்சியது. ஆஸ்பத்திரியில் அவன் ஜன்னல் பக்கத்துக் கட்டிலில் இருந்தான். கண் திறந்துதான் இருக்கும். வெயில் முகத்தில் படும் பக்கம் திரும்பி உட்கார்ந்திருப்பான். செல்லம் ஆரஞ்சு உரித்துக் கையில் கொடுத்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள், வெள்ளிக்கிழமையிலிருந்து, லாரி, கருவாட்டுக் குழம்புவரை. அவன் ஆரஞ்சைத் தின்னாமல் வைத்திருந்தான்.

“அமிர்து அண்ணன் சம்சாரத்துக்கு தெரியுமா?”

“தெரியும். போய் சொல்லிட்டு வந்தேன்.”

“எழுத மாட்டேன்னு சொல்லியிருந்தா ஒன்ன வேலைய விட்டு தூக்கியிருப்பாங்களா?”

“தெரியலடா. நான் சொல்லிப் பாக்கவே இல்ல.”

அவன் தலையை ஆட்டினான். ஆரஞ்சுச் சுளைகளைத் தட்டில் வைக்க இடம் தேடி, தட்டு கிடைக்காமல், போர்வைமேல் வைத்தான். “கொஞ்ச நாளு என்கிட்ட பேசாதக்கா” என்றான்.

அவள் பேசவில்லை. வீட்டுக்குக் கூட்டிவந்த பிறகும் பேசவில்லை. குளிக்க வைத்தாள், சோறு போட்டாள், துணி எடுத்துக் கையில் கொடுத்தாள். கறி எந்தப் பக்கம், சோறு எந்தப் பக்கம் என்று சொல்ல முடியாததால் அவன் கையைப் பிடித்துத் தட்டில் வைத்துக் காட்டுவாள். இரண்டரை மாதம் அப்படியே போனது. ஒருநாள் முகம் மழித்துவிட்டபோது அவன் மீசையைத் தடவிப் பார்த்து, “ஒரு பக்கம் தூக்கிக்கிட்டு நிக்குது” என்றான். செல்லம் சரி செய்தாள். அதற்குப் பிறகு தேவைக்கு இரண்டு வார்த்தை பேசிக்கொண்டார்கள்.

சம்சு கலந்து விற்றவனைப் பிடித்தார்கள். தரை துடைக்க என்று வாங்கிய ட்ரம் அவனிடம்தான் போய்ச் சேர்ந்திருந்தது. அவன் இப்போது சிறையில் இருக்கிறான். தொழிற்சாலையை மூடினார்கள். முதலாளிமேல் போட்ட வழக்கு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. பிரேமநாதன் ஒரு வாரம் கழித்துத் தானாகவே போய், எழுதச் சொன்னது நான்தான் என்று வாக்குமூலம் கொடுத்தார். தன்னைக் கைது செய்வார்கள் என்று செல்லம் ஒரு பையில் துணி எடுத்து வைத்திருந்தாள். அவளைச் சாட்சியாக மட்டும் வைத்துக்கொண்டார்கள். அது அவளுக்கு ஆறுதலாக இல்லை. சிரம்பான் நீதிமன்றத்தில் அவள் சாட்சி சொன்ன நாளன்று ராக்கம்மாவும் வந்திருந்தாள். வராந்தாவில் ஒரே நீளப் பலகையில் இருவருக்கும் இடம் கிடைத்தது. நடுவில் மூன்று பேர் உட்காரும் அளவு இடைவெளி விட்டு, கூப்பிடும்வரை இருவரும் உட்கார்ந்திருந்தார்கள்.

தோட்டத்து வீடு தோட்டத்தில் வேலை செய்கிறவர்களுக்குத்தான். மகேந்திரனால் இனி வெட்ட முடியாது என்று ஆனதும் அவர்கள் பாரோய்க்கு வந்து அடுக்குமாடியில் வாடகைக்கு இருந்தார்கள். செல்லம் அங்கே நாகூர் கனி என்பவரின் சாப்பாட்டுக் கடையில் காய் நறுக்கப் போகிறாள். வேறு ஆய்வுக்கூடங்களில் கேட்டுப் பார்க்கலாமே என்று நான் ஒருமுறை சொன்னேன். “வேணாம்லா. என் கையெழுத்த நானே நம்ப மாட்டேன்” என்றாள்.

மகேந்திரனுக்கு வெள்ளைக் கம்பு பிடித்து நடக்க ஒரு சங்கத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணிக்கு, தனியாகக் கடைக்குப் போய் ரொட்டி வாங்கிவருகிறேன் என்று கிளம்பினான். நான் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். அவன் கம்பைத் தட்டித் தட்டிக் கட்டடத்தின் ஓரமாக நடந்தான். செல்லம் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, சத்தமில்லாமல் பத்தடி பின்னால் போனாள்.

மோட்டார்கள் நிற்கும் இடத்தருகே அவன் நின்றான். திரும்பாமலே சொன்னான்: “பின்னால வராதக்கா.”

செல்லம் அங்கேயே நின்றாள். அவன் கொஞ்சம் காத்திருந்து பார்த்துவிட்டு, சாலையின் விளிம்பைக் கம்பால் தடவி, கார் ஒன்று போகும்வரை நின்று, கடந்து போனான். அந்தப் பக்கம் போன பிறகு கடைகளின் கூட்டத்தில் எனக்கு அவன் தெரியவில்லை. கீழே செல்லம் வெயிலில், சூடான தார்த்தரையில், வெறுங்காலோடு நின்றுகொண்டிருந்தாள். நான் கூப்பிட்டேன். அவள் கேட்டதாகத் தெரியவில்லை.